சீட்டில் எழுதிய சொட்டு மருந்து கடையில் இல்லாதபோது

கடந்த ஆண்டு மழைக்காலத்தில் போடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வந்தார். ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை செய்பவர். சிறு வயதிலேயே வலது காதின் கேட்கும் திறனை முற்றிலும் இழந்துவிட்டு, இடது காதை மட்டுமே நம்பி ஐம்பது வயதைக் கடந்தவர். அந்த இடது காதின் செவிப்பறையிலும் பழைய துளை ஒன்று உண்டு. அதில் பூஞ்சை பற்றியிருந்தது. நுண்ணோக்கியின் கீழ் காதைத் துடைத்துவிட்டு, குளோட்ரிமசோல் மட்டுமே அடங்கிய சொட்டு மருந்தை எழுதிக்கொடுத்து, மூன்று வாரம் கழித்து வரச்சொன்னோம். எங்கள் மருந்தகத்தில் அன்று அது இருப்பில் இல்லை. வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அவரும் அவருடைய மகளும் இரண்டு நாட்களில் பதினொரு கடைகள் ஏறி இறங்கியிருக்கிறார்கள். பதினொன்றாவது கடையில், "அக்கா, இதுவும் காதுக்குத்தான். இதுல நாலு மருந்து சேர்ந்திருக்கு, இன்னும் நல்லாக் கேட்கும்" என்று ஒரு குப்பியைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நான்கில் ஒன்று குளோட்ரிமசோல். ஆகவே கடைக்காரர் முழுப்பொய் சொன்னதாகக் கூற முடியாது. மற்றவை ஒரு ஸ்டீராய்டு, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன், நியோமைசின். ஊற்றிய முதல் நாளே தலை சுற்றியிருக்கிறது. மருந்து வேலை செய்கிறது என்று எண்ணித் தொடர்ந்திருக்கிறார். மூன்றாவது வாரம் எங்களிடம் வந்தபோது காதில் ஓயாத இரைச்சல். கேட்டல் பரிசோதனையில் முன்பிருந்ததைவிடத் தெளிவான வீழ்ச்சி.

அந்த வீழ்ச்சிக்கு நியோமைசின்தான் காரணம் என்று எங்களால் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. நாட்பட்ட செவிநோயே கேட்கும் திறனைக் குறைக்க வல்லது. ஆயினும், அந்தச் சொட்டு அவருடைய காதுக்குள் போயிருக்கவே கூடாது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. செவிப்பறை முழுமையாக இருந்தால், சொட்டு மருந்து வெளிச்செவிக் குழாயோடு நின்றுவிடும். பறையில் துளை இருந்தால், மருந்து நடுச்செவிக்குள் இறங்கி, அங்கிருக்கும் வட்டச் சாளரம் என்னும் மெல்லிய சவ்வின் வழியாக உட்செவியை எட்டக்கூடும். நியோமைசின், ஜென்டாமைசின் போன்றவை அங்குள்ள மென்மயிர்ச் செல்களை அழிக்கும் தன்மையுடையவை. அழிந்த அச்செல்கள் மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை. லிக்னோகெய்ன் நிரந்தரத் தீங்கு செய்வது அரிது என்றாலும், நடுச்செவிக்குள் புகுந்தால் சில மணி நேரத்துக்குக் கடும் தலைச்சுற்றலை உண்டாக்கும்.

இந்த நிகழ்வில் கடைக்காரரைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எங்களுக்கு எளிது. சட்டமும் துணைக்கு வரும்: மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்கவேண்டிய மருந்துக்கு ஈடாக வேறொன்றைக் கடைக்காரர் தம் விருப்பப்படி வழங்கலாகாது என்று 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65ஆம் விதி கூறுகிறது. ஆனால் நாங்கள் கொடுத்த சீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். அதில் ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர் மட்டுமே இருந்தது. மூலப்பெயர் இல்லை. பறையில் துளை உள்ளது என்ற குறிப்பு இல்லை. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. அழைத்துக் கேட்க ஒரு எண் இல்லை. பிழையின் முதல் பாதி எங்கள் மேசையில் நடந்தது.

மருந்தை எழுதுவதோடு மருத்துவரின் கடமை முடிகிறது, தேடுவது நோயாளியின் பாடு என்னும் வழக்கம் எங்கள் தொழிலில் வேரூன்றிவிட்டது. நாங்கள் அதை ஏற்கவில்லை. கிடைக்காத மருந்தை எழுதுவது, மருந்தே எழுதாமல் விடுவதைவிடச் சில நேரங்களில் தீங்கானது. ஏனெனில் வெறுங்கையோடு வீடு திரும்ப யாரும் விரும்புவதில்லை. கிடைத்ததை வாங்கிச் செல்வதே மனித இயல்பு.

காதுச் சொட்டுகள் ஏன் இவ்வளவு அரிதாகின்றன என்று உறவினர்கள் கேட்கிறார்கள். கடை நடத்துபவரின் இடத்திலிருந்து பார்த்தால் புரியும். அருகிலுள்ள மருத்துவர்கள் எதை அடிக்கடி எழுதுகிறார்களோ அதைத்தான் அவர் வாங்கி வைப்பார். சிற்றூர்களில் காது மருத்துவர் இருப்பதில்லை. பொது மருத்துவர்கள், காதைக் கருவிகொண்டு முழுமையாகப் பார்க்க வாய்ப்பில்லாத நிலையில், எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று கருதிக் கூட்டுமருந்தையே எழுதுகிறார்கள். ஆகவே கூட்டுமருந்து விற்கிறது. ஒற்றை மருந்து தேங்குகிறது. தேங்கியது காலாவதியாகிறது. ஒருமுறை காலாவதியானதை அவர் மறுமுறை வாங்குவதில்லை. விலை குறைந்த சரக்கு என்பதால் நிறுவனங்களுக்கும் அதில் பெரிய அக்கறை இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். "கிடைக்கவில்லை" என்று எங்களை அழைப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்காதது மருந்து அன்று, அந்தப் பெயர்தான். ஆஃப்லாக்சசின் என்னும் ஒரே மருந்து பல நிறுவனங்களின் பல பெயர்களில் வருகிறது. நாங்கள் வணிகப்பெயரை எழுதினால், மேலே சொன்ன அதே விதி, அதே மருந்தை வேறு பெயரில் தருவதையும் தடுக்கிறது. மூலப்பெயரையும் அதன் செறிவையும் எழுதினால், எந்த நிறுவனத்துடையதையும் கடைக்காரர் தயக்கமின்றித் தரலாம். பிரதமரின் மக்கள் மருந்தகம், 2025இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகம் ஆகியவற்றிலும் கேட்டுப் பார்க்கலாம். இப்போது எங்கள் பிரிவில் மூலப்பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுகிறோம். அதன் கீழே, "துளை உள்ள காது; நியோமைசின், ஜென்டாமைசின் சேர்ந்தவை வேண்டா" என்று தேவைப்படும் சீட்டுகளில் எழுதுகிறோம். இரண்டாவது தெரிவையும் அங்கேயே குறிக்கிறோம். இதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இதை முன்பே செய்யாமல் இருந்ததற்கு எங்களிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை.

இரண்டாவது தெரிவாகச் சில வேளைகளில் கண் சொட்டு மருந்தை எழுதுவோம். இதைக் கண்டு திகைத்து, "டாக்டர், காதுக்குப் பதிலாக் கண்ணுன்னு மாத்தி எழுதிட்டீங்க போல" என்று திரும்பி வருபவர்கள் உண்டு. அப்படித் திரும்பி வந்து கேட்பதை நாங்கள் பெரிதும் வரவேற்கிறோம். சிப்ரோஃப்லாக்சசின் போன்ற சில மருந்துகள் கண்ணுக்கென்று கிருமி நீக்கி, கண்ணீரின் தன்மைக்கு நெருக்கமாகத் தயாரிக்கப்படுகின்றன. மருத்துவர் சொன்னால் அவற்றைக் காதில் இடலாம். இதற்கு எதிர்த்திசையில் மட்டும் ஒருபோதும் செல்லாதீர்கள்: காதுக்கென்று செய்த சொட்டு அமிலத்தன்மை மிக்கதாகவோ, கண்ணுக்கு ஒவ்வாத கரைப்பான் கலந்ததாகவோ இருக்கலாம். அது கண்ணில் படவே கூடாது. வீட்டில் இரண்டும் இருந்தால் வெவ்வேறு இடங்களில் வையுங்கள். குப்பிகள் ஒன்றுபோலவே இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லி வரவழைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தனிப்பட்ட பயன்பாட்டுக்காகச் சிறிதளவு மருந்தை வரவழைக்க 12ஏ என்னும் படிவத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற வழி உண்டு. மருத்துவரின் சீட்டு அதற்குத் தேவை. காதுச் சொட்டுக்காக அவ்வளவு தூரம் போகவேண்டிய நிலை மிக அரிது. அதற்கு முன் எங்களிடம் பேசுங்கள்.

எங்கள் மருத்துவமனையின் நிருவாகத்தோடு எங்களுக்கு நடக்கும் வழக்கு ஒன்றையும் இங்கே வைக்கிறோம்; இதைப் படிப்பவர்களுக்கு அதில் பங்கு உண்டு. அதிகம் விற்காத ஏழெட்டுச் சொட்டு மருந்துகளை எங்கள் மருந்தகமே எப்போதும் இருப்பில் வைத்திருக்கவேண்டும் என்று கேட்டுவருகிறோம். ஆண்டு முடிவில் சில குப்பிகள் காலாவதியாகிக் குப்பைக்குப் போகும் என்று கணக்குப் பிரிவு மறுக்கிறது. போகட்டும். அவ்வாறு வீசப்படும் குப்பிகளின் விலையை, போடிக்கும் இங்குமாக இருவர் அலைந்த பேருந்துக் கட்டணத்தோடும் இரண்டு நாள் கூலியோடும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்பதே எங்கள் மறுமொழி. ஒரு காதின் விலையை அந்தக் கணக்கில் நாங்கள் சேர்க்கவில்லை.

முன்னொரு காலத்தில் மருத்துவமனை மருந்தாளுநர் தம் கையாலேயே பல சொட்டுகளைக் கலந்து கொடுத்தார். நாட்பட்ட சில கசிவுகளுக்கு இன்றும் பயன்படும் அலுமினியம் அசிட்டேட் கரைசல் அத்தகையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த புரோ என்னும் ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் அது அறியப்படுகிறது. எங்கள் பகுதிக் கடைகளில் அதைக் கண்டதில்லை. பயிற்சி பெற்ற மருந்தாளுநரைக்கொண்டு இதுபோன்ற ஓரிரண்டைத் தயாரிக்கும் வசதியை மீட்டுக்கொள்ளவேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கை. வீட்டில் வினிகரைக் கலந்து ஊற்றிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். செறிவு தவறினால் தோல் வெந்துவிடும். பறையில் துளை இருந்தால் விளைவு இன்னும் மோசமாகும்.

மருந்து கிடைக்கும்வரை என்ன செய்வது? பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், இலைச்சாறு, தாய்ப்பால் இவை எதுவும் வேண்டா. பூஞ்சை பற்றிய காதில் எண்ணெய் ஈரத்தைத் தேக்கி, அது வளர இடங்கொடுக்கும். காதை உலர்வாக வைத்திருங்கள். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதின் வாயிலில் வைத்து, குளித்தவுடன் எடுத்துவிடுங்கள். பஞ்சுக்குச்சியை உள்ளே விடாதீர்கள். சொட்டு கிடைக்கவில்லை என்றால் வெறுமனே காத்திராமல் இங்கு வாருங்கள். பூஞ்சைக்கும் கசிவுக்கும் காதைத் துடைத்து எடுப்பதே பாதி மருத்துவம், அதற்கு எந்தக் கடையையும் நம்பியிருக்கவேண்டியதில்லை. பெரும்பாலான காதுகள் சில நாட்கள் பொறுக்கும். ஆனால் காய்ச்சல், தாங்கொணாத் தலைவலி, காதின் பின்புறம் வீக்கம், முகம் ஒருபக்கம் கோணுதல், நிற்கமுடியாத தலைச்சுற்றல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். நீரிழிவு உள்ளவருக்கு இரவில் உறங்கவிடாத காதுவலி வந்தால் அதையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் வேறு குப்பியைத் தந்தால், திறப்பதற்கு முன் அதன் அட்டையில் உள்ள பெயர்கள் தெரியும்படி ஒரு படம் எடுத்து, சீட்டின் அடியில் இப்போது அச்சிட்டிருக்கும் எங்கள் பிரிவின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பணியில் இருக்கும் இளம் மருத்துவர் பார்த்துப் பதில் சொல்வார். மாலை வேளைகளில் பதில் தாமதமாகலாம், அதுவரை ஊற்றாதீர்கள். எந்தக் கடையில் எந்த மருந்து கிடைத்தது என்று நீங்கள் தெரிவித்தால் அதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கிறோம். அந்தக் குறிப்பேட்டைத் தொடங்கி வைத்தவர் போடிப் பெண்மணியின் மகள்தான். தாம் ஏறிய பதினொரு கடைகளின் பெயர்களையும், ஒவ்வொன்றிலும் என்ன சொன்னார்கள் என்பதையும் பள்ளி நோட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

அவருடைய தாயாரின் காது இப்போது உலர்ந்திருக்கிறது. இரைச்சல் ஓரளவு தணிந்துள்ளது; இழந்த கேட்கும் திறன் திரும்பவில்லை. கேட்கும் கருவிக்காக அடுத்த வாரம் வருகிறார். காதின் அச்சு எடுத்தபின் மீண்டும் கசிவு தொடங்கினால் போடுவதற்கென்று, அந்த ஒற்றை மருந்துச் சொட்டில் இரண்டு குப்பிகளை எங்கள் மருந்தகத்தில் அவர் பெயர் எழுதி எடுத்து வைத்திருக்கிறோம்.