வினைல் தரையும் தூசி உறிஞ்சும் கருவியும்



பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையை அடுத்த வீடுகளில், காலையில் துடைத்த தரையில் மாலைக்குள் மீண்டும் தூசி படிந்துவிடுகிறது. பழைய மொசைக் தரையை மறைக்க வினைல் விரிப்பு போட்டுள்ளோரும் உண்டு. அதன்மீது வாக்குவம் கிளீனர் எனப்படும் தூசி உறிஞ்சும் கருவியை இயக்கலாமா? இயக்கலாம், ஆனால் இரண்டின் இயல்பையும் அறிந்து இயக்க வேண்டும்.

இக்கருவி கம்பளங்களுக்கென்றே வளர்ந்தது. 1901-ஆம் ஆண்டில் ஹூபர்ட் செசில் பூத் என்னும் ஆங்கிலப் பொறியாளர், குதிரைகள் இழுத்துச் செல்லும் பெரிய உறிஞ்சு பொறியை அமைத்தார். 1902-இல் மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவையொட்டி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயக் கம்பளங்கள் அதனால் தூய்மை செய்யப்பட்டன. வீட்டில் கையாளத்தக்க மின்கருவிக்கு 1907-இல் வழிகாட்டியவரோ, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் துப்புரவுப் பணி செய்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்லர். பெருக்கும்போது எழும் தூசியால் ஆஸ்துமா மிகுந்து வருந்திய அவர், விசிறி, துடைப்பக் கழி, தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு அதனை ஆக்கினார். கம்பளத்தில் புதைந்த தூசியைக் கிளறச் சுழலும் தூரிகையையும் இணைத்தார்.

வினைலில் கிளறுவதற்கு இழைகள் இல்லை. அது மென்மையான பிளாஸ்டிக். மணல் துகளோ மிகக் கடினமானது. சுழலும் தூரிகை மணலை வாரியிறைத்துத் தரையைக் கீறிவிடும். ஆதலால் தூரிகையை நிறுத்திவிட்டு, மென்மயிர் கொண்ட தட்டை முனையைப் பொருத்துக. நிறுத்த இயலாத கருவியாயின் துடைப்பமே மேல். சக்கரங்களில் மணல் ஒட்டியுள்ளதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். விரிப்பின் ஓரம் பெயர்ந்திருந்தால் உறிஞ்சும் விசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் காற்றே அதனைத் தூக்கிக் கிழிக்கும்.

இனி உயிர் காக்கும் விதிகள். ஈரத் தரையில் வெறுங்காலுடன் இயக்கலாகாது. உலர் தூசிக்கென அமைந்த கருவியில் நீரை உறிஞ்சலாகாது. கொசுவர்த்திச் சாம்பலில் கனல் இருக்கக்கூடும். அது தூசிப் பையில் தீ மூட்டும். மூன்று முள் செருகியாயின் நில இணைப்பு முள்ளை நீக்கலாகாது. முனையைக் கழற்றுமுன் செருகியைப் பிடுங்கிவிடுங்கள். வீட்டு மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக் காப்புச் சாதனம் இருத்தல் நலம்.

இறுதியாக ஒன்று. பல வீடுகளில் இக்கருவியை இயக்குபவர் வேலைக்கு வரும் சகோதரியே. அவருக்கு எதையும் கற்பிக்காமல் கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, தரையில் கீறல் விழுந்ததும் கூலியைப் பிடிப்பது நீதியன்று. மேற்கூறிய யாவற்றையும் ஒருநாள் அவருடன் நின்று செய்து காட்டுங்கள். தூசிப் பையைக் கொட்டும்போது அவருக்கு முகக்கவசம் கொடுங்கள். கருவியை ஆக்கிய ஸ்பாங்க்லரும் தூசியில் மூச்சுத் திணறிய ஒரு துப்புரவுப் பணியாளரே அன்றோ! நம் தரையைக் காக்க எடுக்கும் கவனத்தை, அதனைத் தூய்மை செய்பவரிடமும் காட்டுவோமாக.