கூரையில் இல்லை கோளாறு

ஜூன் பிறந்துவிட்டால் மெல்பர்னில் ஓய்வுபெற்றவர்களுக்கு இருப்புக்கொள்ளாது. குளிருக்குப் பயந்து மோட்டார்ஹோமைக் கிளப்பிக்கொண்டு குவீன்ஸ்லாந்து, டார்வின் என்று வடக்கே போய்விடுவார்கள். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. காரவன் பார்க்கில் நின்றால் கரண்ட் கிடைக்கும், வாடகையும் உண்டு. ஆற்றங்கரையிலோ சாலையோர ஓய்விடத்திலோ நின்றால் காசு மிச்சம், ஆனால் கரண்ட் கூரையிலிருந்துதான் வர வேண்டும். அதனால் மே மாதம் முழுக்க இவர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் ஒரே பேச்சு: இன்னும் இரண்டு சோலார் பேனல் போடலாமா?

எங்கள் தெருவில் அந்தக் கேள்விக்கு ஓர் ஆள் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், வேலையில் இருந்த காலமெல்லாம் எலக்ட்ரீஷியன். தமிழர்களுக்கெல்லாம் அவர் அண்ணை. மே மாதச் சனிக்கிழமைகளில் அவர் வீட்டு வாசலில் யாருடைய வண்டியாவது நிற்கும்; டார்ச் பிடிக்க நான் போவேன். வந்ததும் ஏணி வைத்துக் கூரையில் ஏறுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. வண்டிக்குள் போய் சார்ஜ் கன்ட்ரோலர் எங்கே என்று தேடுவார். "மேல பேனலைக் கூட்டினாச் சரி எண்டு எல்லாரும் நினைக்கினம், தம்பி. உள்ள இருக்கிற பெட்டியை ஒருத்தரும் பாக்கிறேல்லை."

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டியில் இரண்டு ஜாதி உண்டு. பழைய வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் பிடபிள்யூஎம். '12 வோல்ட் பேனல்' என்று விற்கப்படும் 100 வாட் பேனல், உண்மையில் 18 வோல்ட்டில் ஐந்தரை ஆம்ப் தரும்போதுதான் 100 வாட். பிடபிள்யூஎம் அதை நேராகப் பேட்டரியோடு சேர்த்துவிடும். பேனல் பேட்டரியின் வோல்ட்டுக்கு இறங்கி வந்தாக வேண்டும். பேட்டரி 12.5 வோல்ட்டில் இருந்தால் ஐந்தரை ஆம்ப்புக்கு 69 வாட்தான் கணக்கு. நாலு படி கறக்கும் மாட்டின் கீழ் மூன்று படிச் செம்பை வைத்த கதை. இன்னொரு ஜாதியான எம்பிபிடி, பேனலை அதற்கு வசதியான வோல்ட்டிலேயே ஓடவிட்டு, மிஞ்சும் வோல்ட்டை ஆம்ப்பாக மாற்றிப் பேட்டரிக்குக் கொடுக்கும்.

எம்பிபிடி ஒன்றும் மந்திரமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூரை கொதிக்கும் நாளில் பேனலின் வோல்ட்டே இறங்கிவிடும். அப்போது இரண்டு பெட்டிக்கும் பெரிய வித்தியாசம் இராது. குளிர்ந்த காலையில், இரவெல்லாம் உழைத்துக் களைத்த பேட்டரிக்குத்தான் அது நன்றாகக் கைகொடுக்கும். ஆனால் விலை மலிவு என்று வீட்டுக் கூரைக்கான 400 வாட் பேனலை வண்டியில் ஏற்றினால் எம்பிபிடி இல்லாமல் முடியாது. அந்தப் பேனல் 31 வோல்ட், 13 ஆம்ப். பிடபிள்யூஎம்மில் மாட்டினால் 160 வாட் சுமாருக்குத்தான் வரும்.

சென்ற மே மாதம் வந்த வண்டியைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆஸ்திரேலியத் தம்பதி. கூரையில் 160 வாட் பேனல் இரண்டு. இன்னும் இரண்டு வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். கன்ட்ரோலர், சாப்பாட்டு மேஜைக்கு மேலிருந்த அலமாரியில், பிஸ்கட் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது. பேட்டரியோ மறுகோடியில், இருக்கைக்கு அடியில். அண்ணை மல்டிமீட்டரைக் கன்ட்ரோலரின் முனையில் வைத்தார்: 14.4. பேட்டரியின் முனையில் வைத்தார்: 13.7. நடுவில் 0.7 வோல்ட் கம்பியிலேயே காணாமல் போயிருந்தது. கன்ட்ரோலரோ தன் முனையில் 14.4 வந்துவிட்டது, பேட்டரி நிரம்பப் போகிறது என்று நம்பிக்கொண்டு கரண்டைக் குறைக்க ஆரம்பித்திருக்கிறது. பேட்டரி தினமும் அரைவயிற்றோடு இரவுக்குள் போயிருக்கிறது.

அண்ணை கம்பியின் நுனியைச் சீவிக் காட்டினார். வாங்கிய சுருளில் '4 மி.மீ.' என்று போட்டிருந்ததாம். ஆஸ்திரேலியாவில் வண்டிகளுக்கு விற்கும் கம்பியில் அந்த 4 என்பது மேல் உறையையும் சேர்த்து அளந்த கனம். உள்ளே செம்பு 1.84 சதுர மில்லிமீட்டர்தான். '6 மி.மீ.' என்று விற்பதிலும் 4.6 சதுர மில்லிமீட்டர்தான் இருக்கும். வீட்டு ஒயரிங்கில் 4 என்றால் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று பழகியவர்கள் இங்கே ஏமாறுவது சகஜம். 12 வோல்ட்டில் அது சின்ன ஏமாற்றமில்லை. 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12-இல் ஒரு வோல்ட் போனால் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடுகிறது.

அன்று கூரையில் புதுப் பேனல் ஒன்றும் ஏறவில்லை. எம்பிபிடி கன்ட்ரோலர் வந்தது. அதைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்து, கட்டை விரல் கனக் கம்பியால் இணைத்து, நடுவில் ஃப்யூஸ் போட்டார். முதலில் பேட்டரி இணைப்பு, அப்புறம்தான் பேனல், கழற்றும்போது தலைகீழ். அந்த வரிசை மாறினால் சில கன்ட்ரோலர்கள் குழம்பிவிடும், கெட்டும் போகலாம். மேலே இரண்டு பேனலையும் தொடராக மாட்டினார். வோல்ட் இரட்டிப்பாகி ஆம்ப் பாதியாவதால், கூரையிலிருந்து இறங்கும் பழைய கம்பியே தாங்கிக்கொண்டது.

தொடராக மாட்டுவதில் ஒரு கண்டம் உண்டு. கன்ட்ரோலரின் மேல் '100/30' என்று இருந்தால் பேனல் பக்கம் 100 வோல்ட் வரை, பேட்டரி பக்கம் 30 ஆம்ப் வரை என்று அர்த்தம். ஆம்ப் கூடினால் கன்ட்ரோலர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். வோல்ட் கூடினால் அன்றோடு சரி. கரண்ட் எடுக்காதபோது 37 வோல்ட் காட்டும் வீட்டுப் பேனல் இரண்டைத் தொடராகப் போட்டால் 74, தாங்கும். மூன்று போட்டால் 111. குளிர் கூடக் கூட பேனலின் வோல்ட் இன்னும் ஏறும் என்பதால், 100-ஐ ஒட்டிப் போட்டிருந்தால், பகலெல்லாம் ஒழுங்காக இருந்தது உறைபனி விழுந்த மறுநாள் காலையில் கருகலாம்.

பேட்டரியையும் மாற்றுகிறவர்கள் இப்போது அதிகம். ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் ஆயுள் குறையும். 200 ஆம்ப்-ஹவர் என்றால் கைக்கு 100தான். லித்தியத்தில் பெரும்பகுதியை எடுக்கலாம், எடையும் பாதிக்குக் கீழே. சாதாரண கார் லைசென்ஸில் 4.5 டன் வரைதான் ஓட்டலாம் என்னும் நாட்டில் எடை முக்கியம். ஆனால் கன்ட்ரோலரின் செட்டிங்கை லித்தியத்துக்கு மாற்றியாக வேண்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவே கூடாது.

அப்படியானால் பேனலே மாற்ற வேண்டாமா? வேண்டிய இடம் உண்டு. பத்துப் பன்னிரண்டு வருடப் பேனல் தன்மேல் விழும் வெயிலில் 15 சதவீதத்தைக் கரண்டாக்கினால், இன்று வாங்குவது 20-ஐத் தாண்டும். கூரையில் அதே இடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அந்த முன்னேற்றத்தில் சிட்னிக்கும் பங்கு உண்டு. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன், ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ் குழு 1989-இல் வெளியிட்ட பெர்க் வகை செல்தான் 2020-களின் தொடக்கத்தில் உலகெங்கும் விற்ற பேனல்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம்.

ஆனால் முடிவெடுக்கும் இடமும் மாதமும்தான் பெரும்பாலோரைத் தடுமாற வைக்கின்றன. ஜூன் கடைசியில் மெல்பர்னில் உச்சி வேளையிலேயே சூரியன் 29 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கூரையில் மல்லாந்து கிடக்கும் பேனலுக்கு நேர் வெயிலில் பாதிகூடக் கிடைக்காது. அதே நாள் டார்வினில் சூரியன் 54 டிகிரியில். ஐந்தில் நாலு பங்கு கிடைக்கும். நாளெல்லாம் விழும் வெயிலை முழு வெயில் மணிக்கணக்காகச் சுருக்கினால், ஜூன் மாத மெல்பர்னுக்கு இரண்டு மணிக்கும் குறைவு, டார்வினுக்கு ஐந்துக்கு மேல். அந்தத் தம்பதியின் 320 வாட்டுக்கு, 30 சதவீதம் கழிவு போக, மெல்பர்னில் 450 வாட்-ஹவரைத் தாண்டாது. டார்வினில் 1,100 வரும். ஃப்ரிட்ஜுக்கு ஒரு நாளைக்கு 50 ஆம்ப்-ஹவர், விளக்கு, தண்ணீர் பம்ப், போன், டிவி என்று இன்னொரு 35 வைத்தால், 12 வோல்ட்டில் ஆயிரம் வாட்-ஹவர் சுமார். அவர்கள் கணக்கு அங்கே சரிக்கட்டிவிடுகிறது.

குளிர்காலத்தை வடக்கே கழிக்கப் போகிறவர், மே மாத மெல்பர்னில் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு பேனல் போதவில்லை என்று தீர்மானிக்கிறார். குளிரிலும் இங்கேயே, டாஸ்மேனியாவிலோ விக்டோரிய மலையடியிலோ நிற்கப் போகிறவருக்கு இந்தக் கணக்கு உதவாது. அவர் பேனலைக் கூட்ட வேண்டும், வடக்கு நோக்கிச் சாய்த்து நிறுத்த ஏற்பாடும் செய்ய வேண்டும்.

கடையில் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை வாட் வேண்டும் என்பதாகத்தான் இருக்கிறது. எந்த ஊரில் நிற்கப் போகிறீர்கள், எந்த மாதத்தில் என்று கேட்கும் கடைக்காரர் அகப்பட்டால் விலை பேசாமல் அவரிடமே வாங்கிவிடுங்கள்.