பாவைப்பிள்ளையும் சட்டிபானையும்

விழா மலருக்குக் கட்டுரை கேட்கப்படும்போது தாய்மொழியின் சிறப்பு, அந்நிய மண்ணில் பண்பாடு பேணல் என்னும் இரண்டில் ஒன்றை எழுதுவது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவை எழுதப்பட வேண்டியவையே. எனினும் இம்முறை ஒரு பாவைப்பிள்ளையைப் பற்றி எழுத மலர்க்குழுவினர் எனக்கு இடமளித்துள்ளனர். பெற்றோர் சற்றுப் பொறுமையுடன் வாசிக்குமாறு வேண்டுகின்றேன். பேச்சு பாவைப்பிள்ளையில் தொடங்கினாலும் எம் பிள்ளைகளின் தொழிலில்தான் வந்து நிற்கப்போகின்றது.

வேறொரு நகரில் வாழும் எம்மவர் குடும்பம் ஒன்றில் நிகழ்ந்தது இது. பத்தாம் வகுப்பை முடித்த மகள், மட்பாண்டக் கலையில் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சிக்கு, அதாவது இங்கு நாம் எல்லோரும் ‘ஔஸ்பில்டுங்’ என்று சொல்லும் பயிற்சிக்கு, விண்ணப்பிக்க விரும்பினாள். கைகால்கள் மடங்கும் பீங்கான் பாவைகளைத் தானே செய்ய வேண்டும் என்பது அவளுடைய ஆசை. தந்தையார் கேட்ட கேள்வி இதுதான்: “சட்டி பானை செய்யவோ நாங்கள் கடல் கடந்து வந்தனாங்கள்?” விண்ணப்பம் அனுப்பப்படவில்லை. இக்கேள்வியை அவர் ஒருவர் மட்டும் கேட்டிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். எமது மண்டபத்திலும் தேநீர் வேளைகளில் இதே கேள்வி வேறு வேறு சொற்களில் என் காதில் விழுந்துகொண்டேயிருக்கின்றது.

அத்தகைய பாவை எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். நான் குடியிருக்கும் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற ஜேர்மானிய மூதாட்டி ஒருவர் இத்தொழிலைப் பல்லாண்டுகளாகச் செய்து வருகின்றார். அவரது மேசையருகே நின்று பார்த்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கு கூறுகின்றேன்.

முதலில் பாவையின் உருவத்தைச் சாதாரணக் களிமண்ணில் வடிக்க வேண்டும். தலை, தலையின் மேல்மூடி, மேலுடல், கீழுடல், மேற்கை, முன்கை, கைத்தலம், தொடை, கணைக்கால், பாதம் என்று ஏறக்குறைய 16 துண்டுகள். விரல்களுக்கும் மூட்டு வைக்க விரும்புவோருக்குக் கணக்கு இன்னும் ஏறும். ஒவ்வொரு துண்டுக்கும் பாரிஸ் சாந்தினால் அச்சு எடுக்கப்படும். வெண்களிமண்ணை நீரிற் கரைத்துப் பாலேடு போன்ற கூழாக்கி அந்த அச்சினுள் ஊற்றுவார்கள். சாந்து நீரை உறிஞ்ச, அச்சின் சுவரோடு சில மில்லிமீற்றர் தடிப்பில் மண் படியும். சில நிமிடங்களில் எஞ்சிய கூழை வெளியே ஊற்றிவிட வேண்டும். பிந்தினால் சுவர் தடித்துவிடும், முந்தினால் அச்சிலிருந்து எடுக்கும்போதே கிழிந்துவிடும். இதற்குச் சூத்திரம் உண்டா என்று கேட்டேன். அச்சின் வாயோரத்தைக் கத்தியாற் சிறிது சீவிக் காட்டி, “இங்கே பார்” என்றார். அவ்வளவுதான் விடை.

அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த துண்டு பிஸ்கற்றிலும் எளிதாக உடையும். அதன் பொருத்துக்கோடுகளைச் சுரண்டி நீக்கி, கண்களுக்குத் துளை வெட்ட வேண்டும். உலர்ந்த மண்ணைத் தேய்த்தால் எழும் தூசில் சிலிக்கா உண்டு; அது நுரையீரலுக்குக் கேடு. ஆதலால் இம்மூதாட்டி துண்டுகளை முதலில் மெல்லிய சூட்டில் ஒருமுறை சுட்டு, பின்னர் நீருக்குள் வைத்தே தேய்க்கின்றார். அதன்பின்தான் பெரிய சூடு, 1200 பாகை செல்சியசுக்கும் மேல். எமது ஊர்க் குயவரின் சூளை பெரும்பாலும் ஆயிரத்தைத் தொடுவதில்லை. பீங்கான் இந்தப் பெரிய சூட்டிலே இறுகிக் கண்ணாடித் தன்மை பெறுகின்றது.

இறுகும்போது அது சுருங்குகின்றது என்பதுதான் இத்தொழிலின் பெரும் சோதனை. மண்ணின் வகைக்கேற்ப 12 முதல் 18 வீதம் வரை சுருங்கலாம். 40 சென்றிமீற்றர் உயரத்தில் வடித்த பாவை, 15 வீதம் சுருங்கினால் 34 சென்றிமீற்றராகச் சூளையிலிருந்து வெளிவரும். எல்லாத் துண்டுகளும் ஒரே அளவிற் சுருங்கினால் குறையில்லை. ஆனால் உச்சச் சூட்டில் பீங்கான் சற்றுத் தளர்கின்றது. சரியான முட்டுக்கொடாத துண்டு தன் பாரத்தாலேயே கோணிப்போகும். உடலில் தோளிலும் இடுப்பிலும் இருப்பது பந்துக்கிண்ண மூட்டு என்று விஞ்ஞான பாடத்தில் படித்திருப்போம். பாவைக்கு முழங்கையிலும் முழங்காலிலும்கூட அதே மூட்டுத்தான். பந்து மயிரிழை கோணினாலும் கிண்ணத்துள் உருளாது. அப்படிக் கோணிய துண்டை மீளக் குழைக்க இயலாது; சுட்ட மண் மண்ணாகத் திரும்புவதில்லை. மூதாட்டியின் மேசைக்குக் கீழே ஒரு பெட்டி நிறையக் கோணிய முழங்கால்கள் கிடக்கின்றன. அவற்றை அவர் எறிவதுமில்லை, ஒளிப்பதுமில்லை.

முகத்துக்கு நிறமிடுவது தனிக்கலை. கனிமப் பொடியை எண்ணெயிற் குழைத்து ஒரு மென்பூச்சு, அதனை 700 பாகைக்குச் சற்று மேல் ஒரு சூடு, மீண்டும் ஒரு பூச்சு, மீண்டும் ஒரு சூடு. கன்னத்துச் செம்மைக்கு மட்டும் மூன்று முறை சூளை மூட்டியதை நான் கண்டேன். ஈற்றில் எல்லாத் துண்டுகளுக்கும் ஊடாக இலாஸ்ரிக் கயிற்றையோ உருக்குச் சுருளையோ கோத்து இழுத்துக் கட்டுவார்கள். பீங்கானும் பீங்கானும் உரசித் தேயாதிருக்கக் கிண்ணத்துள் மெல்லிய தோல் ஒட்டப்படும். கயிறு தளர்ந்தால் பாவை நிற்காது, கூடுதலாக இறுகினால் கை தானாகத் தெறிக்கும்.

சட்டி பானை என்று தள்ளப்பட்ட தொழிலுக்குள் இரசாயனமும் பௌதிகமும் உடற்கூற்றியலும் கேத்திரகணிதமும் இருக்கின்றன. இவையாவும் பரீட்சையில் அதிக புள்ளி வாங்க வேண்டுமென்று நாம் பிள்ளைகளை நெருக்குகின்ற பாடங்கள்.

நாம் வந்து வாழும் இந்நாடு இத்தொழிலால் வளர்ந்த நாடு. ஐரோப்பாவில் உண்மையான வெண்பீங்கானின் இரகசியம் முதன்முதலில் 1708ஆம் ஆண்டளவில் சக்சோனியிலே கண்டறியப்பட்டது. தங்கம் செய்வதாகக் கூறிய பெட்கர் என்னும் இளைஞரை அந்நாட்டு மன்னன் காவலில் வைத்திருந்தான். ஷிர்ன்ஹவுஸ் என்னும் அறிஞரின் வழிகாட்டலில் அவர் ஈற்றில் செய்து கொடுத்தது தங்கமன்று, பீங்கான். 1710இல் மைசன் தொழிற்சாலை நிறுவப்பட்டது. சீனர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே பீங்கான் செய்துவிட்டனர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். இங்குள்ள காட்சிக்கூடங்களில் அச்செய்தி சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூரிங்கன் மலைப்பகுதி பாவைகளின் தாயகமாயிற்று. சொனபேர்க், வால்ற்றர்ஸ்ஹவுசன் போன்ற ஊர்களிலிருந்து பீங்கான் தலையும், மரத்தூளும் காகிதக்கூழும் பசையும் கலந்து செய்த பந்துமூட்டு உடலும் கொண்ட பாவைகள் உலகெங்கும் சென்றன. வால்ற்றர்ஸ்ஹவுசனின் கெமர் றைன்ஹார்ட் நிறுவனம் 1909இல் உண்மைக் குழந்தைகளின் முகச்சாயலில், சிணுங்கும் முகம், யோசிக்கும் முகம் என்று பாவைகளை வெளியிட்டது. இன்று அவற்றைச் சேகரிப்போர் பெரும் விலை கொடுக்கின்றனர். சொனபேர்க் நகரில் பொம்மைகளுக்கென ஓர் அரும்பொருட்காட்சியகத்தை 1901இல் தொடக்கி வைத்தவர் ஓர் ஆசிரியர், போல் குன்ச என்பவர். ஆசிரியத் தொழில் பார்த்தவன் என்ற முறையில் இச்செய்தி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

இப்புகழின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. அந்தப் பாவைகளின் பெரும்பகுதி வேலை ஏழைகளின் வீடுகளிலேதான் நடந்தது. ஒரு வீட்டில் கை, இன்னொரு வீட்டில் கண், வேறொரு வீட்டில் சட்டை என்று முழுக்குடும்பமும், சிறுவர் உட்பட, இரவிரவாக உழைத்தது. செல்வர் வீட்டுப் பிள்ளை விளையாட, ஏழை வீட்டுப் பிள்ளை நித்திரை விழித்தது. பாவைத் தலையின் பின்புறத்தில் நிறுவனத்தின் பெயரும் அச்சின் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். புருவம் தீட்டிய பெண்ணின் பெயர் எங்கும் இராது. ஆகவே கைத்தொழில் என்றாலே இனிமை என்று நான் பாடவரவில்லை. தனி ஒருவராகப் பாவை செய்து அதனாலேயே சீவிப்போர் இன்றும் மிகச் சிலரே. அக்குடும்பத்துத் தந்தையார், “மாத வருமானத்துக்கு இது போதுமோ?” என்று கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. அவருடன் நானும் அமர்ந்து கணக்குப் பார்த்திருப்பேன்.

ஆனால் அவர் கேட்டது அதுவன்று. சட்டி பானை என்ற சொல்லுக்குள் அவர் வைத்தது வருமானத்தை அல்ல, சாதியை. ஊரிலே மண்ணை வனைந்தவரையும் தோலைத் தைத்தவரையும் துணி வெளுத்தவரையும் எந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம் என்பது இம்மலரை வாசிக்கும் வளர்ந்தோர் அனைவருக்கும் தெரியும். அவர்கள் வனைந்த பானையிற் பொங்கினோம். அவர்களை முற்றத்துக்கு அப்பால் நிற்கவைத்தோம். போரில் வீட்டை இழந்தோம், காணியை இழந்தோம், உறவுகளை இழந்தோம். இந்த ஒன்றை மாத்திரம் ஒரு கீறலும் இல்லாமல் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்திருக்கின்றோம். இங்கு கோப்பை கழுவியும் கட்டடம் துடைத்தும் பிள்ளைகளை வளர்த்த எம் கைகளுக்குமா இன்னும் இது விளங்கவில்லை?

இந்நாட்டில் மட்பாண்டத் தொழிலிலும் ‘மைஸ்ரர்’ பட்டம் உண்டு. அதைப் பெற்றவர் பட்டறை வைத்துப் பிறருக்குப் பயிற்சியளிக்கலாம். பல்கலைக்கழகத்தின் கதவும் அவருக்கு அடைபடுவதில்லை. வைத்தியம், பொறியியல் என்ற இரண்டு கதவுகளை மட்டும் காட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை, அவை திறவாதபோது தன்னைத் தோல்வியுற்றவனாக எண்ணிக்கொள்வதை ஒவ்வோராண்டும் காண்கின்றோம்.

தூரிங்கனில் லவுஷா என்னும் கண்ணாடித் தொழிலாளர் ஊர் ஒன்று உண்டு. அங்கு பாவைகளுக்குக் கண்ணாடிக் கண் செய்துவந்த முல்லர் ஊரி என்பவர், 1835ஆம் ஆண்டளவில் மனிதருக்கு வைக்கும் செயற்கைக் கண்ணைச் செய்யத் தலைப்பட்டார். பாவையின் கண்ணிற் பழகிய கை மனிதனின் கண்ணுக்கு வந்தது. கண்ணையும் காலையும் போரிற் பறிகொடுத்தோர் வாழும் வன்னியிலிருந்து வந்தவன் நான். பந்தும் கிண்ணமும் பொருந்தும் நுட்பம் விளையாட்டுக்குரியது என்று எவரேனும் சொன்னால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. செயற்கை அவயவம் செய்வதும் இந்நாட்டில் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சிதான். எம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதனைப் பற்றிச் சொல்லியிருக்கின்றோம்?

இனி எமது வகுப்பறைக்கு வருகின்றேன். நாம் தாமரை, மயில், நிலா என்று கற்பிக்கின்றோம். சூளை, அச்சு, வனைதல், அரத்தாள், உளி, பொருத்து என்ற சொற்களைக் கற்பிப்பதில்லை. கையால் ஒன்றைச் செய்யும்போது வாயில் தமிழ் வராத பிள்ளைக்குத் தமிழ் மேடைமொழியாக மட்டுமே எஞ்சும். பாவை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அது பொம்மையையும் குறிக்கும், கண்ணின் கருமணியையும் குறிக்கும். ஜேர்மன் மொழியிலும் பொம்மைக்குரிய ‘புப்ப’ என்ற சொல்லும் கண்மணிக்குரிய ‘புப்பில்ல’ என்ற சொல்லும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் எம் உருவமே சிறு பொம்மையாகத் தெரியும் அல்லவா? இதனை வகுப்பிற் சொன்ன அன்று பிள்ளைகள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து அரைமணி நேரம் ஆரவாரம் செய்தனர். இலக்கணப் பாடம் நடைபெறவில்லை.

திருவள்ளுவர் நுண்ணிய கல்வியற்றவனின் அழகை மண்ணாற் செய்த பாவையின் அழகுக்கு ஒப்பிட்டார். பாவையின் தலை வெறுமையானது என்பது உண்மையே. கூழை வெளியே ஊற்றிவிடுகின்றோம் அல்லவா? ஆயினும் அதனைச் செய்தவரின் தலையைப் பற்றி அவர் குறை ஏதும் கூறவில்லை.

வரும் தவணையிலிருந்து மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இறுதிப் பாடவேளையைக் கைவினைக்கு ஒதுக்குமாறு நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கின்றேன். பேச்சு முழுவதும் தமிழில் நடைபெற வேண்டும். பீங்கானுக்கு இப்போதைக்கு அவசரமில்லை, சாதாரணக் களிமண் போதும். கோணிய முழங்கால்கள் நிறைந்த அந்தப் பெட்டியைப் பிள்ளைகள் எடுத்துப் பார்க்கத் தருவதாக மூதாட்டி ஒப்புக்கொண்டுள்ளார். ஊரிலே வனைதல், தச்சு, தையல், பன்ன வேலை அறிந்திருந்த பெற்றோர், பாட்டன் பாட்டிமார் எம்மிடையே நிச்சயம் உள்ளனர். அவர்கள் எந்தத் தயக்கமுமின்றி வந்து பிள்ளைகளுக்கு ஆசிரியராக அமர வேண்டும். விழா மண்டபத்தின் வாயிலில், பதிவு மேசைக்கு இடப்புறம் ஒரு கொப்பி வைக்கப்பட்டுள்ளது. பெயரையும், தெரிந்த கைவேலையையும் அதில் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.