வீட்டைத் தூக்கும் மண்

கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறோம். மனை வாங்குவதற்குத் திசை பார்க்கிறோம், வாஸ்து பார்க்கிறோம், முப்பது வருஷத்து வில்லங்கமும் தேடிப் பார்க்கிறோம். வீட்டின் பாரமெல்லாம் எதன்மேல் உட்காரப் போகிறதோ அந்த மண்ணை மட்டும் குனிந்து பார்ப்பவர் வெகு சிலரே. இப்படிச் சொல்லும் நாமும் பதினைந்து வருஷங்களுக்கு முன் பார்க்கவில்லை. அதன் பலனாக, நம் வீட்டுப் பூஜை அறைக் கதவு கார்த்திகையில் சாத்த மறுக்கிறது. சித்திரையில் சாத்தினாலோ சந்து வழியே பூனைக்குட்டி நுழைகிறது.

சென்ற கோடையில் ஒரு நண்பர் பெரம்பலூருக்கு அருகே தாம் வாங்கிய மனைக்கு நம்மை அழைத்துச் சென்றார். அவரும் உபாத்தியாயரே. சேமநல நிதியிலிருந்து எடுத்த பணமும், வீட்டம்மாளின் நகைகளை வைத்து வாங்கிய கடனுந்தான் அவருடைய மூலதனம். வானம் தோண்டியாகிவிட்டது. கரையில் கரிசல் மண் மலைபோல் குவிந்து கிடந்தது. தோண்டாத இடத்தில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு வெடிப்புகள்.

"தோண்டின மண்ணை வெளியே அனுப்ப ஒரு லாரி வாடகை, வேறே மண் கொண்டு வர இன்னொரு லாரி வாடகை, எதுக்குங்கய்யா வீண் செலவு? இதையே பேஸ்மட்டத்துக்குள்ளே தள்ளி மூடிடலாம்" என்றார் கொத்தனார். நண்பரின் முகம் மலர்ந்தது. நமக்குப் பூஜை அறைக் கதவு ஞாபகம் வந்தது.

இந்தக் கரிசலின் பூர்வீகம் பெரியது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பிரதேசம் கடலாக இருந்தது. ஹெச். எப். பிளான்போர்டு என்ற ஆங்கிலேயர் 1862-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இவ்விடத்துப் பாறைகளை விவரித்திருக்கிறார். சாத்தனூரில் கிடக்கும் கல்லாகிப் போன மரமும் அக்காலத்ததே. அந்தக் கடலடிச் சுண்ணாம்புதான் அரியலூருக்குச் சிமெண்டு ஆலைகளைக் கொண்டு வந்தது. அதே கடலடிச் சேறும் சுண்ணாம்பும் மக்கிக் கரிசலாகி, பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கிறது. உழவனுக்கு அது லக்ஷ்மி. வீடு கட்டுபவனுக்கோ வேறு கதை. அதிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களித்தாது ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. ஏடுகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்பி வீட்டைத் தூக்கும். நீர் வற்றினால் சுருங்கிக் கீழே விடும். வீடு முழுதும் ஒரே சீராக ஏறி இறங்கினால்கூடப் பாதகமில்லை. ஓரம் நனைந்து நடு காய்ந்திருப்பதால்தான் சுவர் பிளக்கிறது.

வாதம் செய்வதைவிடப் பரீட்சை செய்து காட்டுவது உபாத்தியாயர்களுக்குச் சுலபம். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த உலர்ந்த மண்ணில் 10 கிராம் வீதம் எடுத்து, அளவு கோடிட்ட இரண்டு கண்ணாடி உருளைகளில் போட வேண்டும். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். (மண்ணெண்ணெய் இக்காலத்தில் அபூர்வ வஸ்து, அதற்கே இரண்டு நாள் அலைந்தோம்.) மண்ணெண்ணெயில் களி உப்பாது. குமிழிகள் போகக் கலக்கி 24 மணி நேரம் விட்டு வைத்தோம். மண்ணெண்ணெயில் 12 மில்லி லிட்டர் நின்ற கரிசல், தண்ணீரில் 25-ஐத் தொட்டது. அதாவது நூற்றுக்கு 108 உப்பல். 50-க்கு மேற்பட்டாலே எச்சரிக்கை வேண்டும். 100-ஐத் தாண்டினால் உப்பல் அதிகம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஜயங்கொண்டம் பக்கத்து முந்திரிக் காட்டுச் செம்மண் இரண்டு உருளைகளிலும் ஏறக்குறைய சமமாகவே நின்றது.

கொத்தனார் நெடுநேரம் உருளைகளைப் பார்த்தார். பிறகு, "அப்போ மணல் கொட்டிடலாமா?" என்றார். பலருக்கும் தோன்றும் யோசனைதான். ஆனால் கரிசலின் மேல் வெறும் மணலைக் கொட்டினால், மழைநீர் அதற்குள் இறங்கித் தங்கிக் கீழுள்ள களிக்கு வஞ்சனையில்லாமல் ஊட்டிக்கொண்டே இருக்கும். பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். கே. கட்டி இதைப் பற்றி வெகு காலம் ஆராய்ந்தவர். ஓரளவு ஒட்டும் தன்மையுடையதாய், ஆனால் உப்பாததாய் உள்ள மண்ணே கரிசலின்மேல் பரப்பத் தக்கது என்பது அவர் கண்ட முடிவு. நம் ஊர்ப் பாஷையில் சரளை கலந்த நல்ல செம்மண், அதாவது கிராவல். ஏரி வண்டல் உதவாது; அது வயலுக்குரியது. வேரும் குப்பையும் கலந்த மேல்மண்ணும் உதவாது. மக்கியதும் தரை அமிழும்.

நல்ல மண்ணையும் ஒரேயடியாகக் கொட்டினால் கெட்டதுதான். அரையடிக்கு மேற்படாத படலமாகப் பரப்பி, அளவாக நனைத்து, திமிசு போட்டு இறுக்கிய பிறகே அடுத்த படலம். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் சேறு ஒட்டக் கூடாது. அதுவே ஈரத்தின் பதம். தண்ணீரைக் குளம்போல் கட்டி விட்டு "தானே அமரும்" என்று போகிறவர்கள் உண்டு. கரிசலுக்குமேல் அப்படிச் செய்வது தூங்குகிறவனைத் தட்டி எழுப்புவது போலாகும்.

நிரப்பும் மண் இவ்விதம் நிச்சயமாயிற்று. அஸ்திவாரத்தின் பாடு இன்னும் கஷ்டமாக இருந்தது. மனையின் ஒரு மூலையில் ஐந்தடியிலேயே சுக்கான் பாறை தட்டியது; எதிர் மூலையில் எட்டடி தோண்டியும் கரிசலே. ஒரு கால் பாறையிலும் ஒரு கால் களியிலும் வைத்து நிற்கும் வீட்டின் கதியை விவரிக்க வேண்டியதில்லை. இஞ்சினீயர் ஒருவர் வந்து பார்த்து, அடியில் குமிழ்போல் அகன்ற காங்கிரீட் தூண்களைச் சிபார்சு செய்தார். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் பிரபலப்படுத்திய முறை அது. ஆழமான கரிசலில் ஈரம் ஏறி இறங்கும் மேல்பகுதியைக் கடந்து, குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் தூண் இறங்க வேண்டும். மேலே ஓடும் உத்தரத்துக்கும் மண்ணுக்கும் இடையே சந்து விட வேண்டும், மண் உப்பினால் உத்தரத்தை முட்டாமலிருக்க.

செலவுக் கணக்கைப் பார்த்து நண்பர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மாடி அறையை வரைபடத்திலிருந்து அடித்துவிட்டு வந்தார். வீட்டம்மாளுக்கு அதில் வருத்தந்தான். கரிசல் மலையைப் பக்கத்துப் பருத்திக் காட்டுக்காரர் சந்தோஷமாக அள்ளிப் போனார்.

கொத்தனார் இப்போது வேறொரு மனையில் வேலை எடுத்திருக்கிறார். அந்த இரண்டு கண்ணாடி உருளைகளையும் இரவல் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். பள்ளிக்கூடத்துச் சாமான், தலைமை ஆசிரியரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.