சந்தை நாளாகப் பார்த்துப் போங்கள்!

இங்கிலாந்தில் ஒரு நாள் எங்கேயாவது போய் வரலாம் என்று பேச்செடுத்தால் நம் பசங்களிடமிருந்து மூன்றே பதில்தான் வரும். லண்டன், ஆக்ஸ்போர்டு, இல்லையென்றால் ஏதாவது ஒரு அவுட்லெட் மால். என் கட்சி வேறு. ஒரு சந்தை ஊருக்குப் போங்கள் என்பேன். அதுவும் சந்தை கூடுகிற நாளாகப் பார்த்துப் போங்கள். மற்ற நாட்களில் அது அழகான ஊர், அவ்வளவுதான். சந்தை நாளில்தான் அந்த ஊர் எதற்காக இருக்கிறது என்று புரியும்.

முதலில் ஒரு சுவாரசியமான கணக்கு. அந்தக் காலத்தில் நினைத்த இடத்தில் சந்தை போட முடியாது, மன்னரின் அனுமதி வேண்டும். பக்கத்துச் சந்தைக்கு மிக அருகில் இன்னொன்று வந்தால் வழக்குப் போடலாம். எவ்வளவு அருகில்? பிராக்டன் பெயரில் வழங்கும் 13-ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல் 6⅔ மைல் என்கிறது. இது என்ன விசித்திரமான எண் என்கிறீர்களா? ஒரு மனிதன் ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரம் 20 மைல். அதை மூன்றாகப் பிரியுங்கள். போக ஒரு பங்கு, வாங்கி விற்க ஒரு பங்கு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு பங்கு.

ஆக, 'ஒரு நாள் பயணம்' என்பது சுற்றுலாத் துறை கண்டுபிடித்த சமாச்சாரம் இல்லை. போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பி வருவதற்காகவே இந்த ஊர்கள் இருந்தன. நாம் ரயிலில் போகிறோம், அவர்கள் கோழியைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார்கள். அதுதான் வித்தியாசம் :-)

நான் சொல்லும் உதாரணம் சஃபோக்கில் உள்ள பெரி செயின்ட் எட்மண்ட்ஸ். கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். புதனும் சனியும் சந்தை. நாங்கள் நான்கு பேர் ஒரு சனிக்கிழமை போனோம். ஊருக்குள் வருகிறவர்களை முதலில் வரவேற்பது கோபுரம் இல்லை, பீட்ரூட் இனத்துச் சர்க்கரைக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையின் வெண்புகை. 1925-லிருந்து ஓடும் ஆலை. இந்தப் பக்கம் 1799-லிருந்து இருக்கும் பியர் ஆலையின் மால்ட் வாசம். பழைய கட்டடங்களைக் காட்டி மட்டும் பிழைக்கும் ஊர் இல்லை இது என்று மூக்கே சொல்லிவிடும்.

சந்தை கூடும் தெருக்களின் பெயரைப் பாருங்கள். ஒன்று கார்ன்ஹில், அதாவது தானிய மேடு. இன்னொன்று பட்டர்மார்க்கெட், வெண்ணெய்ச் சந்தை. கூடாரம் போட்ட கடைகளில் மீன், ரொட்டி, பாலாடைக்கட்டி, பூச்செடி எல்லாம் உண்டு. கூடவே செல்போன் உறையும் காலுறையும் உண்டு. அதுதான் எனக்குப் பிடித்தது. சுற்றுலாப் பயணிக்காக ஜோடித்த சந்தையில் காலுறை விற்க மாட்டார்கள்! காய்கறிக் கடையில் இருந்த அம்மா எங்களை "மை லவ்" என்று கூப்பிட்டுத்தான் சில்லறை கொடுத்தார். நண்பன் அரை மணி நேரத்துக்கு அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவர் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று சொல்லி அவன் மனதை உடைக்க எங்களுக்கு விருப்பமில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ஊருக்கு வருகிறவர்கள் நேராக மடாலய இடிபாடுகளுக்குப் போகிறார்கள். தப்பில்லை. 869-ல் டேனியர்களால் கொல்லப்பட்ட எட்மண்ட் மன்னரின் உடலை வைத்து எழுந்த மடம் அது. ஒரு காலத்தில் நாட்டின் பணக்கார மடங்களில் ஒன்று. இன்று பூங்காவாக இருக்கிறது, உள்ளே போகக் காசும் கிடையாது. ஆனால் அந்த மடம்தான் ஊருக்கும் எஜமான், சந்தைக்கும் எஜமான். வரி, சுங்கம், தீர்ப்பு எல்லாம் மடாதிபதி கையில். ஊரார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து 1327-ல் மடத்துக்குள் புகுந்து சூறையாடினார்கள். வாசலையே உடைத்தார்கள். அதன்பின் கட்டிய வாசல் இன்றும் நிற்கிறது. அலங்கார மாடங்களுக்குப் பின்னால் அம்பு விடத் துளைகள் வைத்திருக்கிறார்கள்! சாமியார்களுக்கு ஊரார் மீது அவ்வளவு நம்பிக்கை. 1381 விவசாயிகள் கலகத்தில் மடத்தின் பிரையரையும் தலைமை நீதிபதி கேவண்டிஷையும் கொன்று, இருவர் தலைகளையும் நட்டு வைத்தது இதே சந்தைத் திடலில்தான்.

1539-ல் எட்டாம் ஹென்றி மடத்தை மூடினார். 1606-ல் ஊருக்குத் தனிச் சாசனம் கிடைத்தது. மடம் போய்விட்டது, சந்தை இருக்கிறது. இன்று அதை நடத்துவது உள்ளூர் கவுன்சில். இடிந்த சுவரைப் படம் பிடித்துவிட்டு, அந்தச் சுவரோடு மோதிய சந்தையைத் திரும்பிப் பார்க்காமல் போவது என்ன நியாயம்?

"இதெல்லாம் பழம்பெருமை, சூப்பர் மார்க்கெட்டில் இதைவிட மலிவு" என்பீர்கள். சில பொருட்களில் உண்மைதான், நானே விலை பார்த்தேன். ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஊரின் பழைய மாட்டுச் சந்தை இருந்த இடத்தில் 2009-ல் ஆர்க் என்ற வணிக வளாகம் வந்தது. அதன் பெரிய கடை டெபன்ஹாம்ஸ். 1778-ல் தொடங்கிய அந்த நிறுவனம் 2021-ல் நாடு முழுக்கக் கடைகளை மூடியபோது இதுவும் போனது. பன்னிரண்டே வருடம். ஒரு பெரிய கடை விழுந்தால் ஒரு மூலையே இருண்டுவிடுகிறது. சந்தையில் ஒரு கடைக்காரர் விலகினால் அடுத்த வாரம் அந்த இடத்தில் வேறொருவர் கூடாரம் போடலாம். சிறிய முதலுடன் ஒருவர் வியாபாரம் தொடங்க இதைவிட எளிய வாசல் எது?

இன்னொன்றும் உண்டு. அன்று வரிசையில் நின்ற தாத்தா ஒருவர் மூன்றே மூன்று உருளைக்கிழங்கு வாங்கினார். பேச்சு மட்டும் பத்து நிமிடம். பின்னால் நின்ற யாரும் முகம் சுளிக்கவில்லை. தானியங்கி பில் இயந்திரத்திடம் இந்தப் பேச்சு நடக்காது. அந்தத் தாத்தாவுக்கு அன்றைய பொழுதின் பெரிய உரையாடலே அதுவாக இருந்திருக்கலாம்.

ஆகவே மக்களே, மடத்தைப் பாருங்கள். 1984-ல் 102 பேரும் ஒரு நாயும் நெருக்கியடித்து நின்ற நட்ஷெல் என்ற குட்டி மதுக்கூடத்தையும் எட்டிப் பாருங்கள் (ஷேர் ஆட்டோ அண்ணன்கள் கவனிக்க). ஆனால் கையில் ஒரு பை இருக்கட்டும். கால் கிலோ ஆப்பிளாவது வாங்குங்கள். நாலு கேமராவும் ஒரு காலிப் பையுமாக வருகிற கூட்டத்தால் எந்தச் சந்தையும் பிழைத்ததில்லை. ஆப்பிள் வாங்குகிறவர்களால்தான் பிழைக்கிறது.