பாதை முந்தி, மனை பிந்தி

விக்கிரமங்கலம் முதலிய அரியலூர்க் கிராமங்களினின்று ஜீவனோபாயம் தேடிச் சென்னை சென்றோர் பலர். வாடகை கொடுத்து அலுத்துச் சொந்த வீடு வாங்க எண்ணுகையில், நகரினுள் நிலத்தின் கிரயம் அவர்களுக்கு எட்டுவதில்லை. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று தெற்கே ஒதுங்குகிறார்கள். இது குற்றமன்று. ஆயினும், மனையின் விலை ஒன்றையே கருதுவோர் ஏமாறுவர். ஸ்டேஷன் எவ்வளவு தூரம், மழைநீர் வடிய வழியுண்டா, மனைப்பிரிவுக்குச் சர்க்கார் அங்கீகாரம் உண்டா என்பவையும் விலையைச் சேர்ந்தனவே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பட்ட பாடு மறக்கற்பாலதன்று. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாதென 2016ல் சென்னை ஹைகோர்ட் தடை விதித்தபோது, சேமிப்பை அவற்றில் முடக்கியிருந்தோர் தவித்தனர்.

சர்க்காரின் பொறுப்போ இதனினும் பெரிது. 1931ல் கடற்கரையினின்று தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அப்பாதையை ஒட்டிப் புறநகர்கள் வளர்ந்தன. ஆனால் தென் ஜில்லா பஸ்கள் வந்து நிற்கும் கிளாம்பாக்கம் நிலையம், 2023 டிசம்பரில், பக்கத்தில் ரயில் நிலையம் அமையுமுன்னரே திறக்கப்பட்டது. முறை தலைகீழாயிற்று. பாதை முந்தி, மனை பிந்தி என்பதே சர்க்காரின் விதியாக வேண்டும். மலிவாக வாங்கிய வீட்டுக்கு உழைப்பாளி தன் ஆயுளையே தினந்தோறும் வட்டியாகச் செலுத்துவது நியாயமாகுமா?