மலையின் முடிவு மலைச்சபையில்

கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளில் வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்ற பெயர்கள், நாட்டார் கூடி முடிவெடுத்த மலையாளிப் பழங்குடி மரபைச் சுமந்து நிற்பவை. அந்த மரபுக்கு இன்று சட்ட வடிவம் கிராமசபை.

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆகாய கங்கை அருவிக்கு வரும் பயணிகளால் வருமானம் உண்டு. குப்பையும் தண்ணீர்த் தேவையும் கூடவே வருகின்றன. தங்கும் விடுதி, சாலை, குடிநீர்த் திட்டம் எதுவானாலும் முதலில் கிராமசபையில் விவாதிக்கப்பட வேண்டும். தமிழகத்தில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி இல்லாததால், பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டு ஊராட்சி விரிவாக்கச் சட்டத்தின் பாதுகாப்பு இம்மக்களுக்குக் கிட்டவில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராமசபைக்கு அதிகாரம் தந்திருக்கிறது.

அந்தச் சட்டத்தைச் செயல்படுத்துவது அரசின் கடமை. கையெழுத்து வாங்குவதோடு கூட்டத்தை முடித்துவிடக் கூடாது. மலைமக்களின் சொல் தீர்மானமாக வேண்டும்.